விஷு 15, சித்திரை முதல் நாள் 14: எல்லைக்கு இரு பக்கமும் சூரியன் ஒன்றுதானே?

குமுளி வாசகி:

எங்கள் வீடு கேரளத்துக் குமுளியில், தமிழ்நாட்டுச் சோதனைச்சாவடிக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மகள் தமிழ்வழியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. வானம் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

2022லும் 2023லும் நாங்கள் சித்திரை முதல் நாளை ஏப்ரல் 14 அன்று கொண்டாடினோம். அடுத்த வீட்டு மலையாளக் குடும்பம் 15 அன்று விஷுப் பண்டிகை கொண்டாடி, விடியலில் கணி (மங்கலப் பொருள்கள்) கண்டது. 2024, 2025 ஆண்டுகளில் இரண்டு வீட்டுக்கும் 14தான். 2026இல் அவர்களுக்கு மறுபடியும் 15. ஆனால் இரு வீட்டாரும் சொல்லும் காரணம் ஒன்று: சூரியன் மேஷ ராசிக்குள் நுழைகிறது. "அப்படியானால் சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் சூரியன் ஒரு நாள் முன்னதாக நுழைந்துவிடுகிறதா அம்மா?" என்கிறாள். இன்னொன்றும் கேட்கிறாள். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்கிறது பாடப்புத்தகம். சூரியன் இடம் மாறுகிறது என்கிறது பஞ்சாங்கம். இரண்டில் எது சரி? "பஞ்சாங்கம் வேறு வேறு" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். அது அவளுக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை.

பீருமேடு ஆசிரியர்:

அம்மா, உங்கள் மகளுக்கு என் வாழ்த்துகள். இந்தக் கேள்விக்குள் பூமியின் இரண்டு சுழற்சிகளும் அடங்கியிருக்கின்றன.

இரண்டாவது கேள்வியை முதலில் பார்ப்போம். பூமி சூரியனை ஒரு முறை சுற்றிவர ஓராண்டு ஆகிறது. நாம் பூமியில் நின்றுகொண்டு பார்ப்பதால், சூரியனுக்குப் பின்னால் இருக்கும் நட்சத்திரப் பின்னணி நாளுக்கு ஏறக்குறைய ஒரு பாகை மாறிக்கொண்டே போகிறது. அந்தப் பின்னணியைப் பன்னிரண்டாகப் பிரித்தால் அவையே ராசிகள். பூமி தன் பாதையில் ஓர் இடத்துக்கு வரும்போது, நம் பார்வையில் சூரியன் மேஷத்தின் தொடக்கத்தில் தெரிகிறது. நகர்வது பூமி. நுழைவதாகத் தெரிவது சூரியன். புத்தகம் வெளியிலிருந்து பார்த்துச் சொல்கிறது, பஞ்சாங்கம் நம் முற்றத்திலிருந்து பார்த்துச் சொல்கிறது. இரண்டும் சரியே.

இனி முதல் கேள்வி. சூரியன் மேஷத்தில் நுழைவது ஒரு கணம். அந்தக் கணம் குமுளிக்கும், தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கும் கம்பத்துக்கும் ஒன்றேதான். தகராறு அந்தக் கணத்தில் இல்லை, அதை எந்த நாளின் கணக்கில் எழுதுவது என்பதில்தான் இருக்கிறது. நாள் என்பது பூமி தன்னைத்தானே சுற்றுவதால் வருவது. ஆண்டு என்பது சூரியனைச் சுற்றுவதால் வருவது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று மீதமின்றி வகுபடுவதில்லை. நட்சத்திரங்களை வைத்து அளந்தால் ஓராண்டு 365 நாள் 6 மணி 9 நிமிடம். எனவே நுழையும் நேரம் ஒவ்வோர் ஆண்டும் 6 மணி நேரம் தள்ளிப் போகிறது. லீப் ஆண்டில் பிப்ரவரி 29 வந்து அதை ஒரு நாள் முந்தைய தேதிக்கு இழுக்கிறது.

இதை வைத்துப் பாருங்கள். 2022இல் சூரியன் நுழைந்தது ஏப்ரல் 14 காலையில். 2023இல் 14 பிற்பகலில். 2024 லீப் ஆண்டு, ஆகவே 13 இரவில். 2025இல் 14 விடிவதற்கு முன். 2026இல் மீண்டும் 14 காலை.

தமிழ் வழக்கில், சூரியன் மறைவதற்குள் நுழைந்துவிட்டால் அன்றே மாதப்பிறப்பு. மறைந்த பிறகு நுழைந்தால் மறுநாள். இந்த ஆண்டுகள் எல்லாவற்றையும் இந்த விதியில் போட்டுப் பாருங்கள், 14தான் வரும். விஷுவுக்குக் கணி காண்பது விடியற்காலையில். அப்போது சூரியன் ஏற்கெனவே மேஷத்தில் இருக்க வேண்டும். 2022, 2023, 2026 ஆண்டுகளில் 14 விடியும்போது சூரியன் இன்னும் நுழையவில்லை. ஆகவே கணி 15. 2024, 2025இல் விடிவதற்குள் நுழைந்துவிட்டது, ஆகவே 14. இதே கணக்கில் 2027இல் விஷு 15, 2028இல் 14. மகளைக் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

செங்கோட்டை பஞ்சாங்கப் பிரியர்:

ஆசிரியர் சொன்ன 6 மணி 9 நிமிடம், வானத்தைப் பார்த்துத் திருத்திய திருக்கணிதப் பஞ்சாங்கத்தின் ஆண்டு. எங்கள் பக்கத்தில் இன்றும் பலர் பின்பற்றும், பழைய வாய்பாடுகளின்படி கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தில் ஓராண்டுக்கு 6 மணி 12 நிமிடத்துக்குச் சற்று அதிகம் வரும். பல நூற்றாண்டுகளாகக் கோயில் விழாக்களை நடத்திக்கொடுத்த கணக்கு அது. அதைத் தள்ளிவிட்டுப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை.

பீருமேடு ஆசிரியர்:

நான் அதைத் தள்ளிவிடவில்லை, அண்ணாச்சி. கருவிகள் இல்லாத காலத்தில் ஓர் ஆண்டை 3 நிமிடம், அதாவது ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கு பிசகில் அளந்தவர்கள் அவர்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஆனால் 3 நிமிடம் ஆண்டுதோறும் சேர்ந்தால் ஆயிரம் ஆண்டில் இரண்டு நாளுக்கு மேல் போய்விடும். வானத்தோடு ஒப்பிட்டு அவ்வப்போது திருத்தத்தான் வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை வாசி:

மாஷ் (ஆசிரியர்) சொல்வதை எங்கள் பாரதப்புழைக் கரையிலேயே ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். அந்த ஆறு கடலில் சேரும் இடத்தில் வாழ்ந்த வானியலாளர் பரமேஸ்வரர், 50 ஆண்டுகளுக்கும் மேலாகக் கிரகணங்களைக் கண்ணால் பார்த்துக் குறித்து, பழைய கணக்கு எங்கே விலகுகிறது என்று கண்டு, 1431இல் திருக்கணித முறையை வகுத்தார். வெளிநாட்டிலிருந்து வந்த திருத்தம் இல்லை இது. பஞ்சாங்கம் கணித்தவர்களே பஞ்சாங்கத்தைத் திருத்தினார்கள். பழைய கணக்கை மதிப்பதும் அதைச் சரிபார்ப்பதும் ஒன்றுக்கொன்று பகை என்று நினைப்பவர்கள் அவருடைய வேலையைப் பார்க்க வேண்டும்.

கூடலூர் திராட்சைத் தோட்டம்:

எனக்கு ஒரு சந்தேகம், சார். சித்திரையில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. பன்னீர் திராட்சைக் கொடிக்கு நாங்கள் படும் பாடு எங்களுக்குத்தான் தெரியும். அந்தச் சமயத்தில் பூமி சூரியனுக்கு அருகில் வந்துவிடுகிறது, அதுதானே காரணம்?

பீருமேடு ஆசிரியர்:

இல்லை. இது பலரும் நம்புகிற ஒன்று, ஆகவே விரிவாகச் சொல்கிறேன்.

பூமியின் பாதை முழு வட்டம் இல்லை, சற்றே நீள்வட்டம். சூரியனிலிருந்து சராசரித் தொலைவு 14.96 கோடி கிலோமீட்டர். அந்த ஒளி நம்மை வந்தடைய 8 நிமிடம் 20 விநாடி ஆகிறது. ஆனால் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், மார்கழிக் குளிரில். அப்போது தொலைவு 14.71 கோடி. மிகத் தொலைவில் இருப்பது ஜூலை தொடக்கத்தில், 15.21 கோடி. அருகில் வருவதுதான் வெயிலுக்குக் காரணம் என்றால் நீங்கள் மார்கழியில் குடை பிடிக்க வேண்டியிருக்கும்.

காரணம் அச்சின் சாய்வு. பூமி தன்னைத்தானே சுற்றும் அச்சு, அதன் பாதைக்கு நேர்க்குத்தாக இல்லாமல் 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால் சூரியன் உச்சிக்கு நேராக நிற்கும் இடம் ஆண்டு முழுவதும் கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடையே வடக்கும் தெற்குமாக நகர்கிறது. மார்ச் 20ஐ ஒட்டி நிலநடுக்கோட்டைக் கடந்து வடக்கே வருகிறது. அன்று பகலும் இரவும் ஏறக்குறையச் சமம். ஏப்ரல் நடுவில் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. கதிர் சாய்வாக விழாமல் செங்குத்தாக விழுவதால் அதே அளவு ஒளி குறைந்த பரப்பில் குவிகிறது. உங்கள் கொடி வாடுவது அதனால்தான்.

இதை நீங்களே பார்க்கலாம். தேனி மாவட்டக் கூடலூரும் குமுளியும் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 9.6 பாகை வடக்கே இருக்கின்றன. சூரியனும் அதே 9.6 பாகைக்கு வருவது ஏப்ரல் 14, 15 தேதிகளில். அதாவது சித்திரை முதல் நாளையும் விஷுவையும் ஒட்டியே நம் ஊரில் நிழலில்லா நாள் வருகிறது. தோட்டத்தில் ஒரு கல்தூணைக் குண்டுநூல் பிடித்து நேராக நிறுத்தியிருந்தால், உச்சி வேளையில் அதற்கு நிழல் இருக்காது.

கூடலூர் திராட்சைத் தோட்டம்:

பந்தல் கல்தூண்கள் எங்களிடம் நிறைய உண்டு. ஆனால் பகல் 12 மணிக்குப் பார்த்தால் எப்போதும் ஒரு சிறு நிழல் மேற்கே விழுந்து கிடக்கிறதே?

பீருமேடு ஆசிரியர்:

12 மணி என்பது கடிகாரத்தின் உச்சி. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து அமைக்கப்பட்டது. நாம் 77.2 பாகையில் இருக்கிறோம். ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம் நம் உச்சி வேளை 21 நிமிடம் தாமதம். ஏப்ரல் நடுவில் வேறு திருத்தம் வேண்டியதில்லை. 12.21க்குப் பாருங்கள்.

குமுளி வாசகி:

மகள் இதைப் படித்துவிட்டு அடுத்ததைக் கேட்கிறாள். பகலும் இரவும் சமமாகும் மார்ச் 20தானே சூரியன் வடக்கே வரும் நாள்? அன்றே ஆண்டைத் தொடங்காமல் ஏன் 24 நாள் கழித்துத் தொடங்குகிறோம்?

பீருமேடு ஆசிரியர்:

இந்தக் கேள்விக்காகவே இந்த இழையை வைத்திருக்கலாம்.

பூமியின் அச்சு சாய்ந்திருப்பது மட்டும் இல்லை, அந்தச் சாய்வின் திசையும் மிக மெதுவாகச் சுழல்கிறது. வேகம் குறையும் பம்பரம் தலையை ஆட்டுவதுபோல. நிலநடுக்கோட்டுப் பகுதியில் பூமி சற்றே உப்பியிருக்கிறது. அந்த உப்பலைச் சூரியனும் சந்திரனும் இழுப்பதால் இது நடக்கிறது. ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 25,800 ஆண்டுகள், ஒரு பாகைக்கு ஏறக்குறைய 72 ஆண்டுகள். இதனால், பகலும் இரவும் சமமாகும் புள்ளி நட்சத்திரங்களுக்கிடையே பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. கி.பி. 285ஐ ஒட்டி அந்தப் புள்ளியும் மேஷத் தொடக்கமும் ஒன்றாக இருந்தன என்பது இன்று பெரும்பாலான பஞ்சாங்கங்கள் ஏற்கும் கணக்கு. அன்றிலிருந்து 24 பாகை விலகியிருக்கிறது. நாளுக்கு ஒரு பாகை என்றால் 24 நாள். உங்கள் மகளின் எண் இதுதான்.

பருவங்களை வைத்து அளக்கும் ஆண்டு 365 நாள் 5 மணி 48 நிமிடம். நட்சத்திர ஆண்டைவிட 20 நிமிடம் குறைவு. ஆங்கில நாட்காட்டி பருவத்தைப் பின்பற்றுகிறது, நாம் நட்சத்திரத்தைப் பின்பற்றுகிறோம். அதனால் ஆங்கில நாட்காட்டியில் நம் சித்திரை மெல்ல மெல்லப் பிந்தைய தேதிக்குத் தள்ளிப் போகிறது. 1919இல் ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்தது வைசாகி நாளில், அதே மேஷப் பிறப்பு நாளில். அன்று தேதி ஏப்ரல் 13.

கூடலூர் திராட்சைத் தோட்டம்:

சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஏறுகிறவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். ஆண்டில் அந்த ஒரு நாள்தான் காட்டுக்குள் விடுகிறார்கள். கூடலூர் பக்கம் பளியங்குடியிலிருந்து நடந்தும், குமுளிப் பக்கத்திலிருந்து ஜீப்பிலும் போகிறோம். மாலைக்குள் இறங்கிவிட வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாள் ஏப்ரலிலும் மே மாதத்திலுமாக மாறி மாறி வருகிறது. சித்திரை சூரியனை வைத்து, பௌர்ணமி சந்திரனை வைத்து என்பது வரை எனக்குத் தெரியும். அதற்கு மேல் சொல்லுங்கள்.

செங்கோட்டை பஞ்சாங்கப் பிரியர்:

இதை நான் சொல்கிறேன். பௌர்ணமி என்றால் பூமிக்கு ஒரு பக்கம் சூரியன், நேர் எதிர்ப்பக்கம் சந்திரன். அதனால்தான் சூரியன் மேற்கே விழும் வேளையில் முழுநிலவு கிழக்கே எழுகிறது. சூரியன் மேஷத்தில் இருக்கும்போது எதிரே இருப்பது துலாம். அந்த எல்லையில்தான் சித்திரை நட்சத்திரம் இருக்கிறது, வெளிர்நீலமாகப் பளிச்சென்று தனியாக நிற்கும். சித்ரா பௌர்ணமியன்று நிலவின் அருகே அதைத் தேடுங்கள். வைகாசியில் விசாகம், கார்த்திகையில் கார்த்திகைக் கூட்டம் என்று பிற மாதங்களுக்கும் இதே கதைதான்.

சந்திரன் நட்சத்திரங்களைச் சுற்றி அதே இடத்துக்கு வர 27.3 நாள். நாளுக்கு ஒன்றாக 27 நட்சத்திரங்கள் வந்தது அப்படித்தான். ஆனால் பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்கு 29.5 நாள். அந்த 27 நாளில் பூமியும் சூரியனைச் சுற்றி நகர்ந்துவிடுகிறது. எனவே சூரியனுக்கு நேர் எதிரே வந்து நிற்கச் சந்திரனுக்கு இன்னும் இரண்டு நாளுக்கு மேல் வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு பௌர்ணமி சேர்ந்தால் 354 நாள். சூரிய ஆண்டுக்கு 11 நாள் குறைவு. அண்ணன் கேட்ட தேதி மாற்றம் அதிலிருந்து வருகிறது.

கொழிஞ்சாம்பாறை வாசி:

சந்திரனைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது, கிரகணத்தை விடக் கூடாது. 2019 டிசம்பர் 26 அன்று கங்கண கிரகணம் காசர்கோடு பக்கம் கரையேறி வயநாடு, நீலகிரி வழியாக வந்தது. நான் கோயம்புத்தூரில் பார்த்தேன். காலை ஒன்பதரையை ஒட்டி ஏறக்குறைய 3 நிமிடம் சூரியன் ஒரு வளையமாக நின்றது. மரத்தடியில் இலை இடுக்கு வழியாக விழுந்த ஒளித்துண்டுகள் ஒவ்வொன்றும் வளையம்.

அமாவாசைதோறும் ஏன் கிரகணம் வருவதில்லை என்று அன்று பலர் கேட்டார்கள். சந்திரனின் பாதை பூமியின் பாதைக்கு 5 பாகை சாய்ந்திருக்கிறது. பெரும்பாலான அமாவாசைகளில் அது சூரியனுக்குச் சற்று மேலேயோ கீழேயோ கடந்துபோய்விடும். இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளின் அருகே அமாவாசை வந்தால்தான் கிரகணம். அந்தப் புள்ளிகளைத்தான் ராகு, கேது என்கிறோம்.

முழுக் கிரகணமா, வளையமா என்பதைத் தூரம் தீர்மானிக்கிறது. சூரியனின் விட்டம் சந்திரனைப்போல 400 மடங்கு. அதன் தொலைவும் ஏறக்குறைய 400 மடங்கு. அதனால் வானத்தில் இரண்டும் ஒரே அளவாகத் தெரிகின்றன. சந்திரனின் சராசரித் தொலைவு 3,84,400 கிலோமீட்டர், ஆனால் அதன் பாதையும் நீள்வட்டம். தொலைவில் இருக்கும்போது குறுக்கே வந்தால் சூரியனை முழுவதும் மூட முடியாது, விளிம்பு வளையமாக எஞ்சும்.

அடுத்தது உங்கள் ஊருக்கு வருகிறது, குமுளி அம்மா. 2031 மே 21 அன்று, நண்பகலுக்குச் சற்றுப் பிறகு, கொச்சி, கோட்டயம், இடுக்கி, தேனி, மதுரை வழியாகக் கங்கணக் கிரகணம் போகிறது. மகள் அப்போது பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதில் இருப்பாள்.

குமுளி வாசகி:

கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் கிரகணத்தின்போது வெளியே விட மாமியார் சம்மதிக்க மாட்டார். தாம்பாளத்தில் உலக்கை நிற்கும் என்பதையும் அவர் கண்ணாரப் பார்த்தவர்.

கொழிஞ்சாம்பாறை வாசி:

உலக்கை எல்லா நாளும் நிற்கும் அம்மா. அடிப்பக்கம் சமமாக இருந்து, பொறுமையாக நிறுத்தினால் போதும். இன்றைக்கே நிறுத்தி அவருக்குக் காட்டுங்கள். கிரகணத்தால் உணவுக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

அஞ்ச வேண்டியது ஒன்றுக்குத்தான்: வெறுங்கண்ணால் சூரியனைப் பார்ப்பதற்கு. வளையக் கிரகணத்தில் ஒரு விநாடிகூட வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது. எக்ஸ்ரே பிலிம், புகை பிடித்த கண்ணாடி, சாணி கரைத்த தண்ணீரில் பிம்பம் பார்ப்பது, இவை எதுவும் பாதுகாப்பு இல்லை. விழித்திரையில் வலி உணரும் நரம்பு கிடையாது, அதனால் சுட்டுக்கொண்டிருப்பது தெரியாது. ஐ.எஸ்.ஓ. 12312-2 தரமுள்ள சூரியக் கண்ணாடி அல்லது 14ஆம் எண் வெல்டிங் கண்ணாடி வேண்டும். எதுவும் இல்லையென்றால் அட்டையில் ஊசித் துளை போட்டு, தரையில் விழும் பிம்பத்தைப் பாருங்கள். மாமியாரையும் அழைத்துக் காட்டலாம், முதுகைச் சூரியனுக்குக் காட்டியபடியே பார்க்கலாம்.

பாறசாலைத் தமிழன்:

இழையை இப்போதுதான் பார்த்தேன். தென்கோடியிலிருந்து சில செய்திகள். திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில், 1837இல், ஒரு வானாய்வு நிலையம் எழுந்தது. பின்னர் அதற்குப் பொறுப்பேற்ற ஜான் ஆலன் புரூன், காந்தப்புல அளவுகளுக்காக அகத்தியமலை உச்சியிலேயே ஒரு நிலையம் அமைத்தார். 1850களில், சாலை இல்லாத காட்டில், நம் இரு மாநிலங்களின் எல்லையில்! அந்த மலையில் ஏறியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். நூறாண்டுக்குப் பின் 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் தும்பாவில் கிளம்பியதற்கும் காரணம் காந்தப்புலமே. பூமியின் காந்த நடுக்கோடு அந்த மீனவக் கிராமத்தின் அருகே போகிறது.

சூரியனைப் பற்றி இவ்வளவு பேசியதால் இஸ்ரோவின் சூரிய ஆய்வுக்கலம் ஆதித்யா எல்-1 பற்றியும் சொல்ல வேண்டும். 2023 செப்டம்பர் 2 அன்று கிளம்பி, 2024 ஜனவரி 6 அன்று தன் இடத்தைச் சேர்ந்தது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர், சூரியன் இருக்கும் திசையில். அந்தப் புள்ளியின் அருகே சூரியன், பூமி இரண்டின் ஈர்ப்பும் சேர்ந்து, கருவி பூமியோடு ஒரே வேகத்தில் சூரியனைச் சுற்றும்படி வைத்திருக்கின்றன. நம் தலைக்கு மேல் ராத்திரி வரும், மேகம் வரும். அதற்கு இரண்டும் கிடையாது.

குமுளி வாசகி:

தொலைநோக்கி ஒன்று வாங்கித் தர வேண்டும் என்கிறாள். எவ்வளவு விலையில் பார்க்கலாம்?

பாறசாலைத் தமிழன்:

இப்போது வேண்டாம். கடைகளில் "500 மடங்கு" என்று பெட்டியில் போட்டு விற்கும் மலிவுத் தொலைநோக்கிகள் பிள்ளைகளின் ஆசையைக் கெடுத்துவிடும். தாங்கி ஆடும், பிம்பம் மங்கும். நல்ல 10x50 பைனாகுலர் ஒன்று போதும். வியாழனின் நான்கு பெரிய நிலவுகளும் கார்த்திகைக் கூட்டமும் தெரியும். சந்திரனைப் பௌர்ணமியில் பார்க்காதீர்கள். வளர்பிறை ஏழாம் எட்டாம் நாளில், வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டின் ஓரத்தில் பாருங்கள். அங்கே கதிர் சாய்வாக விழுவதால் பள்ளங்களின் நிழல் நீளமாக விழும். முழுநிலவில் நிழலே இராது, எல்லாம் வெளுத்துக் கிடக்கும். பைனாகுலரைச் சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது என்று முதல் நாளே சொல்லிவையுங்கள்.

பீருமேடு ஆசிரியர்:

நம் மலையில் தென்மேற்குப் பருவமழை மாதங்களை மறந்துவிடுங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வானம் நன்றாகத் திறக்கும். துருவ நட்சத்திரத்தின் உயரம், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எந்த ஊரிலும் அந்த ஊரின் அட்சரேகைக்கு ஏறக்குறையச் சமம். நமக்கு அது பத்துப் பாகைக்கும் குறைவு, வடக்கே ஒரு குன்று இருந்தால் மறைத்துவிடும். அதைத் தேடி ஏமாற வேண்டாம். தெற்கே திரும்பினால் டில்லிக்காரர்களுக்குக் கிடைக்காத செல்வம் நமக்கு இருக்கிறது. பிப்ரவரி முன்னிரவில் அகத்திய நட்சத்திரம் 27 பாகை உயரத்துக்கு மேல் நிற்கும். டில்லியில் அது அடிவானத்தை விட்டு அதிகம் எழாது.

கூடலூர் திராட்சைத் தோட்டம்:

தூணை நிறுத்திக் குண்டுநூல் பிடித்துவிட்டேன். ஏப்ரலில் மேகம் மறைத்தால் ஓராண்டு காத்திருக்க வேண்டுமா?

பீருமேடு ஆசிரியர்:

வேண்டியதில்லை. சூரியன் ஜூனில் கடகரேகை வரை போய்த் திரும்பும்போது மறுபடியும் நம் தலைக்கு மேல் வரும். கூடலூருக்கும் குமுளிக்கும் அது ஆகஸ்ட் 28ஐ ஒட்டி. குமுளியில் மழை இருந்தாலும் கூடலூர் மழைமறைவுப் பக்கம் என்பதால் உங்களுக்கு வாய்ப்பு அதிகம். அம்மா, அன்று மகளைக் கீழே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

மற்றவர்களுக்கு ஏப்ரல் தேதிகள்: பாறசாலைக்கு 11, செங்கோட்டைக்கு 13, குமுளிக்கும் கூடலூருக்கும் 14 அல்லது 15, கொழிஞ்சாம்பாறைக்கு 17 அல்லது 18. சூரியனின் தட்டே அரைப் பாகை அகலம் என்பதால் ஒரு நாள் முன்பின்னாகப் பார்த்தாலும் நிழல் தெரியாது. ஆகஸ்ட் இறுதியில் இதே வரிசை தலைகீழாக வரும், கொழிஞ்சாம்பாறை முதலில், பாறசாலை கடைசியில். நாம் எல்லோரும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருப்பதால் ஏப்ரலில் நேரம் எல்லோருக்கும் 12.21 அல்லது 12.22. பத்து நிமிடம் முன்பே போய் நின்று, நிழலின் நுனியைச் சுண்ணாம்பால் குறித்துக்கொண்டே வாருங்கள். குறித்ததைப் படமெடுத்து இங்கே போடுங்கள்.